ஓடும் இலக்குக்கு ஏன் முன்னே குறி வைக்கிறார்கள்?

குறுக்குத்துறைப் படித்துறையில் நின்று, தாமிரபரணியில் மிதந்துபோகும் தேங்காய் மட்டையைக் கல்லால் அடித்துப் பாருங்கள். மட்டையைப் பார்த்தே எறிந்தால் கல் அதற்குப் பின்னால்தான் விழும். கல் போய்ச் சேர்வதற்குள் மட்டை நகர்ந்துவிடுகிறதே!

துப்பாக்கிக்கும் இதே கதைதான். 300 மீட்டர் தூரத்தில் ஓர் இரும்புத் தட்டு விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் குறுக்கே நகர்கிறது. குண்டின் சராசரி வேகம் விநாடிக்கு 750 மீட்டர் என்றால், பயண நேரம் 0.4 விநாடி. அதற்குள் தட்டு 60 செ.மீ. தள்ளிப் போயிருக்கும், அவ்வளவு முன்னே குறி வைக்க வேண்டும். தட்டு சாய்வாக நகர்ந்தால் இந்த முன்னளவு குறையும். நேரே நம்மை நோக்கி வந்தால் தேவையே இல்லை. ஆனித் தென்றல் பக்கவாட்டில் வீசினால் அந்தக் கணக்கு தனி. குண்டு தட்டில் பட்டதும் எழும் 'டங்' என்ற ஓசை நம்மிடம் வர மேலும் ஏறக்குறைய 0.9 விநாடி ஆகும்.

புதுக்கோட்டையின் பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பங்கேற்ற 'டிராப்' போட்டியில், பறக்கும் களிமண் தட்டின் விட்டம் 11 செ.மீ.தான். அதில் கணக்குப் போட நேரமில்லை. தட்டோடு சேர்ந்தே துப்பாக்கியையும் நகர்த்த வேண்டும். விசையை அழுத்தும்போதும் அந்த நகர்வு நிற்கக் கூடாது. நின்றால், படித்துறைக் கல்லின் கதைதான்!