உள்ளே ஒரு கணக்கு, வெளியே ஒரு கணக்கு: கம்பனிகளின் பசுமை அறிக்கைகளை எப்படி வாசிப்பது?

வன்னியின் இறுதி மாதங்களில் கொல்லப்பட்ட மக்கள் பற்றிய தரவுகள் ஐ.நா. அலுவலர்களின் கைகளில் இருந்தன. ஆனால் அவை உரிய நேரத்தில் பகிரங்கப்படுத்தப்படவில்லை. சார்ள்ஸ் பெட்ரி தலைமையில் நடந்து 2012இல் வெளிவந்த ஐ.நா.வின் உள்ளக மீளாய்வே இதை ஒப்புக்கொண்டது. ஓர் அமைப்பு உள்ளே அறிந்திருந்ததையும் வெளியே சொன்னதையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும் என்பது நாம் பெருவிலை கொடுத்துக் கற்ற பாடம். காலநிலை மாற்றம் குறித்துப் பெரும் கம்பனிகள் வெளியிடும் அறிக்கைகளையும் நான் இந்தக் கண்ணோடுதான் வாசிக்கிறேன். ஆய்வாளர்களும் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

எக்ஸன்மொபில் எண்ணெய்க் கம்பனி புவி வெப்பமடைவதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது என 2015இல் அமெரிக்க ஊடகங்கள் எழுதின. கம்பனி அதை மறுத்தது. தனது ஆவணங்களை முழுமையாக வாசித்துவிட்டு முடிவுக்கு வாருங்கள் என்றது. ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களான ஜெஃப்ரி சுப்ரானும் நயோமி ஒரெஸ்கஸும் அவற்றை வாசித்தார்கள். 1977 முதல் 2014 வரையான 187 ஆவணங்களை ஆராய்ந்து, 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

கம்பனி விஞ்ஞானிகளின் ஆய்வுக் கட்டுரைகளில் 83 சதவீதமும் உள்ளக ஆவணங்களில் 80 சதவீதமும், காலநிலை மாற்றம் உண்மை, அதற்கு மனிதரே காரணம் என்று ஏற்றுக்கொண்டன. ஆனால் பொதுமக்கள் வாசிக்கும் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் காசு கொடுத்துப் பிரசுரித்த விளம்பரக் கட்டுரைகளில் 12 சதவீதமே அதை ஏற்றன. 81 சதவீதம் சந்தேகத்தைக் கிளப்பின. 2023இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வந்த அடுத்த ஆய்வு, அக்கம்பனி விஞ்ஞானிகளின் வெப்ப எதிர்வுகூறல்களில் 63 முதல் 83 சதவீதமானவை சரியாக அமைந்தன என்று காட்டியது. இவ்வாய்வுகளின் முடிவுகளைக் கம்பனி ஏற்கவில்லை.

அது தூரத்து அமெரிக்கக் கதைதானே என்று கேட்கலாம். இலங்கையிலும் 2025 ஜனவரி முதல், கொழும்புப் பங்குச்சந்தையின் பெரிய கம்பனிகளில் தொடங்கிக் கட்டம் கட்டமாக, நிலைபேறு குறித்த புதிய அறிக்கையிடல் நியமங்கள் நடைமுறைக்கு வருகின்றன. இது நல்ல விடயமே. ஆனால் இந்த நியமங்கள் முதலீட்டாளர்களுக்காக எழுதப்பட்டவை. காலநிலை மாற்றத்தால் கம்பனிக்கு என்ன நட்டம் என்பதே அவற்றின் முதன்மையான கேள்வி. கம்பனியால் ஊருக்கு என்ன நட்டம் என்பது வேறு கேள்வி.

2025இல் மன்னார் மக்கள் காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக வீதியில் இறங்கியபோது கேட்டது இந்த இரண்டாவது கேள்வியைத்தான். காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது உலகுக்குத் தேவை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தீவில் வெள்ளம் வடிந்தோடும் வழி, மீனவரின் தொழில், வலசை வரும் பறவைகள் ஆகியவற்றைக் காபன் கணக்கு காட்டாது. ஒரு திட்டம் பசுமையானது என்பதற்காக அதைக் கேள்வி கேட்கக்கூடாது என்றில்லை.

ஆகவே எந்த அறிக்கை கைக்கு வந்தாலும் நான் மூன்று கேள்விகளைக் கேட்கிறேன். ஒன்று, எந்தப் புகையைக் கணக்கில் எடுத்தார்கள்? எண்ணெய்க் கம்பனியொன்றின் புகையில் பெரும்பகுதி, அது விற்கும் எரிபொருளை மற்றவர்கள் எரிக்கும்போதே வெளியாகிறது. தனது ஆலையின் புகையை மட்டும் குறைத்துக் காட்டுவது அரைக் கணக்கு. இரண்டு, 2050இல் சாதிப்போம் என்பவர்கள் இந்த வருடம் என்ன செய்தார்கள்? மூன்று, அந்த இடத்தில் வாழும் மக்களிடம், அவர்களது மொழியில், திட்டம் தொடங்குமுன் கேட்டார்களா?

சுப்ரானுக்கும் ஒரெஸ்கஸுக்கும் கைகொடுத்தவை அழியாமல் இருந்த ஆவணங்கள். நமது ஊர்களிலும் கூட்டக் குறிப்பு, கொடுத்த மனு, வந்த பதில், வெள்ளம் நின்ற நாளின் படம் எல்லாவற்றையும் திகதியிட்டுச் சேர்த்துவைப்போம். நாளை யாரேனும் இரண்டு கணக்குகளையும் ஒப்பிட முனைந்தால், நம் பக்கத்துக் கணக்கும் கையில் இருக்கவேண்டும்.