படுத்திருக்கும் மயில்

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு மயில் வரைந்து பாருங்கள். ஒரே நிபந்தனை: கோடு இழுக்கக் கூடாது. ஒரு கட்டத்தை முழுசாக நிரப்பலாம், இல்லாவிட்டால் வெறுமனே விட்டுவிடலாம். பாதிக் கட்டம் கிடையாது. உடம்பு எப்படியோ வந்துவிடும். கழுத்துக்குப் போனதும் தகராறு தொடங்கும். வளைய வேண்டிய இடமெல்லாம் படிக்கட்டாக நிற்கும். அலகைக் கூராக்கப் பார்த்தால் தலை பெருத்துவிடும், கொண்டைக்கு இடம் இருக்காது. நாலைந்து தடவை அழித்துப் போட்ட பிறகு, எதையெல்லாம் எடுத்துவிட்டாலும் மயில் மயிலாகவே இருக்கும் என்பது மெல்லப் பிடிபடும்.

காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவர்களின் அன்றாட வேலை இது. முதலில் வெள்ளைத் தாளில் பென்சிலால் இஷ்டம்போல் வரைவார்கள். பிறகு அதைக் கிராஃப் தாளுக்கு மாற்றுவார்கள். இன்று அந்தக் கிராஃப் பெரும்பாலும் கணினித் திரையில் இருக்கிறது. படத்தைக் கொடுத்தால் மென்பொருளே கட்டமாக்கித் தந்துவிடும். ஆனாலும் அலகு எங்கே முடிய வேண்டும், கண் எத்தனை கட்டம் என்பதை மனிதக் கண்தான் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துகிறது.

இந்த ஊர் டிசைனருக்கு முன்மாதிரிக்குப் பஞ்சம் இல்லை. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலில், தூண்களைத் தாங்கிக்கொண்டு மணற்கல் சிங்கங்கள் நிற்கின்றன. வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில் யாளியும் குதிரை வீரனும் தூணுக்குத் தூண் பாய்கிறார்கள். கல்லில் உளி நினைத்த பக்கம் வளையும். தறியில் அதற்கு வழியில்லை. பாவு நீளவாக்கில் ஓடுகிறது, ஊடை குறுக்கே ஓடுகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் ஒவ்வொன்றும் ஒரு கட்டம். அந்த இடத்தில் ஜரிகை மேலே தெரியும், அல்லது அடியில் மறையும். ஆகவே யாளி புடவைக்கு வரும்போது பிடரி மயிர் மூன்று நான்கு சுருளாகக் குறைகிறது, பற்கள் இரண்டு புள்ளிகளாகின்றன. அப்படிக் குறைத்த பிறகும் அது உறுமுகிறதே, அங்கே இருக்கிறது வரைந்தவரின் கை.

இதே பாடு பட்ட இன்னொருவர் சூசன் கேர். 1984-இல் வெளிவந்த மேகிண்டாஷ் கணினியின் சின்னஞ்சிறு படங்களை வரைந்தவர். கடையில் வாங்கிய கட்டத்தாள் நோட்டில், 32-க்கு 32, ஆக 1,024 கட்டங்களுக்குள் குப்பைத் தொட்டியையும் கைக்கடிகாரத்தையும் அவர் அடக்கினார். திரைப் புள்ளிகளால் படம் ஆக்குவது துணியில் எண்ணி எண்ணித் தையல் போடும் வேலையைப் போலத்தான் என்பது அவர் எண்ணம். ஒரு நெசவுத் தெருவில் இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

ஆனால் திரையில் இல்லாத ஒரு சிக்கல் தறியில் உண்டு. ஒரு துணியில் அங்குலத்துக்குப் பாவு இழை 80, ஊடை இழை 60 என்று வைத்துக்கொள்வோம். கணக்கு நோட்டில் 60 கட்ட அகலம், 60 கட்ட உயரத்தில் அழகான வட்டம் போட்டு நெய்யக் கொடுத்தால், துணியில் அது முக்கால் அங்குல அகலமும் ஓர் அங்குல உயரமும் கொண்ட முட்டையாக வந்து நிற்கும். அதனால் டிசைனர் சதுரக் கட்டத் தாளில் போடுவதில்லை. அகலத்தில் 8 கட்டம் இருக்கும் இடத்தில் உயரத்தில் 6 கட்டம் இருக்கும்படி, துணியின் நெருக்கத்துக்கு ஏற்ற தாளை எடுப்பார்.

அடுத்து, ஜரிகை. அது எங்கும் பிணையாமல் நீளமாகத் தொங்கினால் வளையலிலும் மோதிரத்திலும் மாட்டி இழுபடும். எனவே அகலமான தங்கப் பரப்பின் நடுவே ஆங்காங்கே ஒரு கட்டத்தை விட்டு, அந்த இடத்தில் இழையைப் பிடித்துக் கட்ட வேண்டும். சாதாரண டிசைனில் இந்தப் பிடிப்புகள் வெறும் புள்ளிகள். நல்ல டிசைனில் அவையே மயிலின் சிறகுக் கோடுகள், மீனின் செதில்கள். துணி கிழியாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அலங்காரமாகிவிடுகிறது. எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த இடம் இது.

கிராஃப் முடிந்ததும் அதைத் தறிக்குப் புரியவைக்க வேண்டும். முன்பு அதற்கு அடை என்று பெயர். எந்தெந்தப் பாவு இழையை எப்போது தூக்க வேண்டும் என்பதை நூல் முடிச்சுகளாகவே தறிக்கு மேல் கட்டிவைத்துவிடுவார்கள். உதவியாள் வரிசையாக இழுக்க இழுக்க டிசைன் இறங்கும். பிறகு ஜக்கார்டு பெட்டி வந்தது. 1804-இல் பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார் உருவாக்கியது. அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் இழை கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஊடை ஒவ்வொரு முறை ஓடுவதற்கும் ஓர் அட்டை. 1839-இல் ஜக்காரின் உருவத்தையே பட்டில் நெய்தபோது சுமார் 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. தன் கணக்கு இயந்திரத்துக்கும் இதே மாதிரி ஓட்டை அட்டைகளையே திட்டமிட்ட சார்லஸ் பாபேஜ், அந்தப் படத்தின் பிரதி ஒன்றை வாங்கி வைத்திருந்தார்.

நிறத்துக்கு வருவோம். அதே 1839-இல் பாரிஸில் ஒரு வேதியியலாளரின் புத்தகம் வெளிவந்தது. மிஷேல் யூஜின் செவ்ரல், கோப்ளான் திரைச்சீலைச் சாலையின் சாயப் பிரிவுக்குத் தலைவர். கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்ற புகாரைத் தோண்டிப் பார்த்த அவர், சாயத்தில் குற்றம் இல்லை, பக்கத்தில் இருக்கும் நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்க வைக்கின்றன என்று கண்டார். ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதைப் பக்கத்து நிறமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

காஞ்சிப் புடவையில் இந்த உண்மை கட்டுமானமாகவே இருக்கிறது. ஒரே ஊடை புடவையின் முழு அகலத்துக்கும் ஓடினால் உடலின் பச்சை நிறம் அரக்குக் கரைக்குள்ளும் கலந்து, அரக்கு அழுக்கடைந்து தெரியும். இதைத் தவிர்க்கத்தான் கோர்வை. ஊடையை ஓட்டும் நாடா உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று, ஆக மூன்று. எல்லையில் இழைகள் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு அவரவர் பக்கம் திரும்பிவிடும். அரக்கு அரக்காகவே இருக்கும். மயில்கழுத்து நிறத்துக்கு வேண்டுமென்றே இதற்கு நேர்மாறு செய்வார்கள். நீலப் பாவில் பச்சை ஊடையை ஓட்டினால், துணி மடங்கும்போது ஒரு பக்கம் நீலம் மிஞ்சும், மறுபக்கம் பச்சை மிஞ்சும். மயில்கழுத்துச் சாயம் என்று எந்தத் தொட்டியிலும் ஒன்று இல்லை. அந்த நிறம் பார்ப்பவர் கண்ணில்தான் கலக்கிறது.

இழை எண்ணும் பழக்கம் தறியோடு நின்றுவிடுவதில்லை. ஓவியர் கே.எம். ஆதிமூலம் (1938–2008) நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராக இருந்தவர். தமிழ்ப் பத்திரிகைத் தலைப்புகளுக்கும் நூல் அட்டைகளுக்கும் அவர் எழுதிய எழுத்துகளைப் பார்க்கும்போது, ஒரு சுழி எவ்வளவு இடம் கேட்கும் என்று இழை எண்ணிப் பழகிய கண் அது என்றே எனக்குத் தோன்றும்.

சரி, கணக்கு நோட்டு மயிலுக்குத் திரும்புவோம். அதை முந்தானையில் போட்டாயிற்று. அதே மயில் கரையிலும் வேண்டும் என்கிறார் கடைக்காரர். கிராஃபை அப்படியே திருப்பிப் போட முடியாது. முந்தானை தோளிலிருந்து தொங்குகிறது, அங்கே பாவு மேலிருந்து கீழாக இறங்குகிறது. கரையோ காலைச் சுற்றிப் படுக்கைவாக்கில் ஓடுகிறது, அங்கே பாவும் படுத்திருக்கிறது. 8-க்கு 6 கட்டத்தில் நிமிர்ந்து நின்ற மயிலை அப்படியே சாய்த்தால் குள்ளமாகிக் கொழுத்துவிடும். அதனால் கரைக்கு வேறொரு கிராஃப். டிசைனர் அந்த மயிலை முதலிலிருந்து, பக்கவாட்டில் படுத்த நிலையிலேயே, கட்டம் கட்டமாக மறுபடி வரைகிறார். நெசவாளர் பார்ப்பதும் அதைப் படுத்தபடிதான். தறியிலிருந்து அறுத்து, மடித்து, கடைக்குப் போய், ஒரு பெண் அதை உடுத்திக்கொண்டு எழுந்து நிற்கும்போது கரை மயிலும் எழுந்து நிற்கிறது.