பார்க்கில் மக்கர் செய்யும் கார், நியூட்ரலில் மட்டும் கிளம்புவது ஏன் தெரியுமா?

சாவியைத் திருகுகிறீர்கள். டாஷ்போர்டு விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. ஹாரன் கணீரென்று அடிக்கிறது. பேட்டரி போன மாதம்தான் மாற்றியது. ஆனால் செல்ஃப் மட்டும் அடிக்கவே மாட்டேன் என்கிறது! பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை பார்க்கில் இருந்து நியூட்ரலுக்கு இழுத்து மறுபடி திருகினால், அடுத்த நொடியே இன்ஜின் ஓடுகிறது! பேய் பிசாசு வேலையா? இல்லை. கியர்பாக்ஸின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் வேலை. அதுதான் கியர் பொசிஷன் ஸ்விட்ச்!

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கும் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஹோண்டாக்காரர்கள் கியர் பொசிஷன் ஸ்விட்ச் என்பதை நிஸானிலும் சுபாருவிலும் இன்ஹிபிட்டர் ஸ்விட்ச் என்பார்கள். ஃபோக்ஸ்வாகனில் அது மல்டிஃபங்ஷன் ஸ்விட்ச். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் ‘நியூட்ரல் ஸ்விட்ச்’. லீவரில் இருந்து வரும் கேபிள் கியர்பாக்ஸுக்குள் நுழையும் தண்டின் மேல்தான் பெரும்பாலும் இது உட்கார்ந்திருக்கும். தண்டு எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் இதன் முழுநேர வேலை. பார்க், நியூட்ரல் இரண்டில் மட்டும் செல்ஃப் அடிக்க அனுமதி கொடுப்பது இது. ரிவர்ஸ் போட்டால் பின்னால் வெள்ளை விளக்கை எரியவிடுவது இது. டாஷ்போர்டில் எந்த எழுத்து ஒளிர வேண்டும் என்று சொல்வதும், கியர்பாக்ஸின் கம்ப்யூட்டருக்கு ‘ஓட்டுநர் இதைக் கேட்கிறார்’ என்று தகவல் கொடுப்பதும் இதேதான்!

இன்னொரு விந்தை. ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு கார் இன்ஜினைச் சுற்ற நூறு ஆம்பியருக்கு மேல் கரண்ட் இழுக்கும். அத்தனையும் இந்தச் சின்ன ஸ்விட்ச் வழியாகப் போனால் ஒரே நாளில் உருகிவிடும். அதனால் இதன் வழியாகப் போவது ரிலேவை இழுப்பதற்கான துளி கரண்ட் மட்டுமே. அந்தத் துளி நின்றால் மொத்த வண்டியும் நின்றது நின்றதுதான்!

இப்படி ஒரு காவல் எதற்கு? இதற்குப் பின்னால் பெரிய கதையே இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1939-ல் அறிமுகப்படுத்திய ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வந்தது. அதில் பார்க் என்ற நிலையே கிடையாது! இன்ஜினை அணைத்துவிட்டு ரிவர்ஸில் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். லோ கியரை ஒட்டியே ரிவர்ஸ் இருந்ததால், லோவுக்குத் தள்ளும் கை ஒரு படி கூடுதலாகப் போனால் வண்டி பின்னோக்கிப் பாயும் ஆபத்தும் இருந்தது. பல கம்பெனிகளும் இந்த வரிசையைப் பல வருடம் வைத்திருந்தன. நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடர் 1965-ல் எழுதிய ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’ புத்தகத்தில் இதையும் எடுத்துப் போட்டு விளாசினார். 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் 102-ஆம் எண் பாதுகாப்பு விதி நடைமுறைக்கு வந்தது. முன்னோக்கிச் செல்லும் கியருக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் நியூட்ரல் இருந்தே ஆக வேண்டும். லீவர் ஓடும் கியரில் இருந்தால் ஸ்டார்ட்டர் வேலை செய்யவே கூடாது. இன்று நாம் கண்ணை மூடிக்கொண்டு போடும் பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் வரிசையும் இந்த ஸ்விட்சும் சட்டத்தின் பலத்தோடு நிற்பது அந்த நாளில் இருந்துதான்!

சரி, உள்ளே என்னதான் இருக்கிறது? பழுதான ஒன்றைத் திறந்து பார்த்தால் அசந்துபோவீர்கள். பிறை வடிவில் வளைந்த செம்புத் தடங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. அவற்றின் மேல் ஸ்பிரிங் அழுத்தத்தில் வழுக்கி ஓடும் சின்னஞ்சிறு முனைகள். நடுவே கிரீஸ். புதிதில் தேன் போல இருந்த கிரீஸ் கியர்பாக்ஸ் சூட்டில் வருடக்கணக்கில் வெந்து கறுத்து, தார் போலப் பிசுபிசுக்கும். பார்க் நிலையில் முனை வந்து நிற்கும் இடத்தைக் கூர்ந்து பாருங்கள். ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் செய்யும்போதும் அங்கேதான் கரண்ட் பாய்கிறது. அந்த இடம் மட்டும் கறுத்துக் குழிந்திருக்கும். நியூட்ரலுக்கான இடமோ தேயாமல் மினுமினுக்கும், ஏனென்றால் அங்கே வைத்து யாருமே ஸ்டார்ட் செய்வதில்லை! பார்க்கில் மக்கர் செய்த வண்டி நியூட்ரலில் கிளம்பியதன் ரகசியம் இதுதான். கேபிள் கொஞ்சம் தளர்ந்து, தண்டு பார்க்கைச் சரியாக எட்டாமல் நின்றாலும் இதே கூத்து நடக்கும்.

புத்திசாலித்தனத்தில் சில கம்பெனிகள் எங்கேயோ போய்விட்டன! ஜெனரல் மோட்டார்ஸின் சில கியர்பாக்ஸ்களில் ஏ, பி, சி என்று மூன்று ஒயர்கள் நிலையைச் சொல்கின்றன. நான்காவது ஒயருக்கு மற்ற மூன்றும் சொன்னது சரிதானா என்று சரிபார்ப்பது மட்டுமே வேலை! மெர்சிடஸின் 722.6 கியர்பாக்ஸில் ஸ்டார்ட்டைத் தடுக்கும் கான்டாக்ட்டும் ஆயில் சூட்டை அளக்கும் சென்சாரும் ஒரே வரிசையில் கோத்திருக்கின்றன. பார்க்கிலும் நியூட்ரலிலும் அந்தக் கான்டாக்ட் திறந்துகொள்வதால் கியர் ஆயில் சூடு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அப்போது அது இன்ஜின் கூலன்ட்டின் சூட்டை வைத்துச் சமாளித்துக்கொள்கிறது!

பழுதானால் கார் தானே வாய் திறந்து சொல்லும், தெரியுமா? 1990-களின் ஹோண்டா கார்களில் டாஷ்போர்டில் உள்ள டி4 விளக்கு கண் சிமிட்ட ஆரம்பித்தால் கியர்பாக்ஸில் குறை என்று பொருள். சர்வீஸ் கனெக்டரின் இரண்டு முனைகளையும் ஒரு சின்ன ஒயரால் இணைத்துவிட்டுச் சிமிட்டல்களை எண்ண வேண்டும். 5 என்றால் கியர் பொசிஷன் ஸ்விட்சில் ஷார்ட், 6 என்றால் எங்கோ ஒயர் அறுந்த மாதிரி தொடர்பில்லை! அதே காலத்து நான்கு கியர் ஃபோக்ஸ்வாகன் ஆட்டோமேட்டிக்குகளில் இந்த ஸ்விட்சுக்குள் தண்ணீர் புகுந்தால் டாஷ்போர்டில் எல்லா எழுத்துகளும் ஒரே நேரத்தில் எரியும். ஸ்கேனரில் 00293 என்று வரும். அதற்குப் பிந்தைய கார்களில் ஸ்கேனர் பி0705 முதல் பி0709 வரை எதைக் காட்டினாலும் முதல் சந்தேகம் இந்த ஸ்விட்ச், அதன் ஒயரிங் மேல்தான் விழ வேண்டும். கம்ப்யூட்டருக்குக் குழப்பம் வந்துவிட்டால் வண்டி ஒரே கியரில் பிடித்துக்கொண்டு முக்கி முனகி ஓடும். ‘கியர்பாக்ஸே போச்சு சார்’ என்று யாராவது சொன்னால் பதறிப்போய்த் தலையாட்டிவிடாதீர்கள்! முதலில் ஸ்விட்சைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எப்படிப் பார்ப்பது? பேட்டரி, ஃப்யூஸ், ரிலே மூன்றும் நலமா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் மெல்லிய ஒயரில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு, லீவர் பார்க்கில் இருக்க, ஒருவரைச் சாவி திருகச் சொல்லுங்கள். அங்கே 12 வோல்ட் வந்தும் மோட்டார் சுற்றவில்லையா? ஸ்விட்ச் குற்றமற்றது, மோட்டாரைக் கழற்றுங்கள். வோல்ட்டே வரவில்லையா? இப்போது ஸ்விட்சின் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதி விஷயம் இங்கேயே வெளிச்சமாகிவிடும்! பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், இல்லையென்றால் கியர் ஆயில் ஒயருக்குள்ளேயே ஏறி வந்து கசிந்திருக்கும். கீழே, சாலைத் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் இருக்கும் பொருள் அல்லவா! களிம்பைச் சுத்தம் செய்த கையோடு வண்டி கிளம்பிவிட்டால் புது ஸ்விட்ச் செலவே மிச்சம்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் மீட்டரை பீப் அடிக்கும் நிலைக்கு மாற்றி, ஸ்விட்சின் ஸ்டார்ட் பின்கள் இரண்டிலும் முனைகளை வையுங்கள். எந்தப் பின் எது என்று அந்த வண்டியின் ஒயரிங் படத்தில் இருக்கும். பார்க்கிலும் நியூட்ரலிலும் பீப் கேட்க வேண்டும், மற்ற இடங்களில் மூச்சுக்கூட விடக் கூடாது. ரிவர்ஸ் விளக்கின் பின்களில் ரிவர்ஸ் போடும்போது மட்டும் பீப். லீவரை லேசாக ஆட்டும்போது பீப் வந்து வந்து போனால் தடம் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டலாம்.

மாற்றுவதில்தான் சூட்சுமமே இருக்கிறது! சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே கேபிளில் கை வைக்க வேண்டும், தண்டு நியூட்ரலுக்கு வந்தால் வண்டி உருளும். புது ஸ்விட்சை மாட்டி போல்ட்டை இறுக்கினால் வேலை முடிந்தது என்று நினைத்தால் தப்பு. ஸ்விட்ச் தண்டைச் சுற்றிக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் திரும்பும், ஒரு இழை பிசகினாலும் பழைய கதைதான். பல டொயோட்டா கார்களில் தண்டை நியூட்ரலில் வைத்து, ஸ்விட்சின் மேல் கீறியிருக்கும் கோட்டை நடுவில் உள்ள பள்ளத்துக்கு நேராகக் கொண்டுவந்து இறுக்க வேண்டும். நிஸானில் இன்னும் அழகு. 4 மில்லிமீட்டர் பின் ஒன்றை ஸ்விட்சின் ஓட்டையிலும் தண்டின் கையில் உள்ள ஓட்டையிலும் சேர்த்துச் செருகினால் எல்லாம் தானாக நேராகிவிடும்! பழைய ஸ்விட்சைத் திறந்து கான்டாக்ட் கிளீனரால் கழுவிப் போடுபவர்களும் உண்டு. தடம் குழிந்திருந்தால் அது சில நாள் ஓட்டம்தான், மாற்றிவிடுவதே நல்லது.

நம் ஊரில் 2014-ல் மாருதி செலேரியோவோடு பிரபலமான ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற்றும் வகை) கார்களில் பார்க்கே கிடையாது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நியூட்ரலில் வைத்து பிரேக்கை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். ஆட்டோமேட்டிக்காக இருந்தாலும் நிறுத்திவிட்டு ஹேண்ட்பிரேக் போட மறக்கவே கூடாது.

இனிதான் நெஞ்சைப் பதறவைக்கும் விஷயம். ஸ்விட்ச் கிடைக்கவில்லை, விலை கூடுதல் என்று அதன் ஸ்டார்ட் ஒயர்கள் இரண்டையும் முறுக்கி ஒட்டி டேப் சுற்றிக் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. வண்டி உடனே கிளம்பும், செலவும் இல்லை. ஆனால் அன்று முதல் அந்தக் கார் டிரைவிலும் ஸ்டார்ட் ஆகும், ரிவர்ஸிலும் ஸ்டார்ட் ஆகும்! வீட்டு வாசலில் குழந்தை சாவியைத் திருகினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இப்படி ஒட்டுப்போட எந்தக் காரணத்துக்காகவும் சம்மதிக்காதீர்கள்.

ஸ்விட்ச் ஒழுங்காகக் காவல் காக்கிறதா என்று பார்க்க ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் கையேடுகளில் ஒரு சோதனை இருக்கிறது. முன்னும் பின்னும் ஆள் இல்லாத திறந்த இடத்தில் காரை நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்தி மிதியுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாமல் லீவரை ஒவ்வொரு நிலையிலும் வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். பார்க், நியூட்ரல் தவிர வேறு எதிலாவது செல்ஃப் அடித்தால் அந்த நொடியே அணைத்துவிட்டு, ஸ்விட்சைச் சரிசெய்யும்வரை அந்த வண்டியை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.