கம்பி வழி கொங்கு: பியூஸில் ஒட்டிய தபால்தலை

பைக்காராவின் மின்சாரம் மலையிறங்கிக் கோவைக்கு வந்த கதையைப் போன வாரத்தோடு முடித்தாயிற்று. 1932 என்ற ஆண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பியூஸ் எப்படிச் செய்கிறார்கள் என்பதை, களிமண்ணில் தொடங்கி, இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். தொடங்கத்தான் செய்கிறேன்; எங்கே போய் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஐரோப்பிய இயந்திரத்தோடு ஆலைக்கு வந்திறங்கிய பழைய மின்பலகையைத் திறந்தால், உள்ளே வரிசையாகப் பீங்கான் மூடிகள் திருகப்பட்டிருக்கும். மூடிக்குள் இருப்பது சிறு பாட்டில் வடிவப் பீங்கான். பேனல் வேலை செய்பவர்கள் வாயில் அது பாட்டில் பியூஸ். ஆலையின் சுற்றுச்சுவருக்கு வெளியே, தோட்டத்து மோட்டார் ரூமைத் திறந்தால் திருகு எதுவும் இருக்காது. பிடுங்கிச் செருகும் பீங்கான் கட்டைகள் மூன்று, ஒவ்வொன்றிலும் கைக்கு அகப்பட்ட கம்பி. இரண்டு இடத்திலும் ஓடுவது ஒரே மின்சாரம். காசு உள்ளவன் திருகைப் போட்டான், இல்லாதவன் கட்டையைப் போட்டான் என்பது எல்லோரும் சொல்லும் விடை. அது பாதி விடைகூட இல்லை என்பது என் கட்சி. திருகு பியூஸ், போடுகிறவன் கையை நம்பாமல் செய்யப்பட்ட பொருள்; கட்டை பியூஸ் அந்தக் கையை முழுக்க நம்பிச் செய்யப்பட்டது. எது எங்கே நிலைத்தது என்பதை இந்த வேறுபாட்டிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

திருகின் மூலவர் எடிசன். மின்விளக்குச் சுற்றில் மெல்லிய கம்பி ஒன்றை நடுவே வைத்து, அளவு மீறினால் அது மட்டும் உருகி அறுபடும்படி செய்யும் ஏற்பாட்டுக்கு 1880 மே மாதம் காப்புரிமை பெற்றார். உருகிய உலோகம் கீழே சொட்டி எதையும் கொளுத்திவிடக் கூடாது என்று கம்பியை உறைக்குள் வைக்கச் சொன்னதுதான் அந்த விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டிய இடம். மறு ஆண்டின் இறுதியில் விளக்கின் அடிப்பகுதிக்குத் திருகு மரை வந்தது. விளக்குக்கு ஆன மரை பியூஸுக்கும் ஆகும் என்று கண்டுகொண்டதில் ஒரு சிக்கனம் உண்டு: அதே அச்சு, அதே பித்தளைத் தகடு, அதே கைப்பழக்கம். விளக்கைப் போலவே பியூஸையும் வீட்டில் இருப்பவர்களே கழற்றி மாட்டலாம். ஆனால் அந்தச் சிக்கனத்துக்குள்ளேயே ஓட்டையும் இருந்தது. 15 ஆம்பியர், 20 ஆம்பியர், 30 ஆம்பியர் எல்லாம் ஒரே குழியில் உட்காரும். 15 அடிக்கடி போகிறதா, 30-ஐப் போடு. கடையில் 30-உம் இல்லையா, போன பியூஸுக்கு அடியில் ஒரு செப்புக் காசை வைத்துத் திருகு. அமெரிக்க வீடுகளில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆக, திருகு மட்டும் யாரையும் காப்பாற்றவில்லை. மோட்டார் ரூமில் கம்பியைத் தடிப்பாக்கும் விவசாயியைப் பற்றி இளக்காரமாகப் பேசுகிறவர்கள் அந்தச் செப்புக் காசையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஓட்டையை அடைத்தவர்கள் ஜெர்மானியர்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சீமென்ஸ்-ஷுக்கர்ட் நிறுவனத்தில் உருவான டயஸெட் முறையில் பியூஸ் ஒரே பொருளாக இல்லாமல் நான்காகப் பிரிந்தது. சுவரோடு நிற்கும் பீங்கான் அடிப்பாகம்; அதன் குழிக்குள் ஓர் அளவு வளையம்; வளையத்தில் இறங்கும் பாட்டில்; பாட்டிலைப் பிடித்துக்கொண்டு திருகும் மூடி. பாட்டிலின் கால் பகுதி ஆம்பியர் ஏற ஏறப் பருத்துக்கொண்டே போகும். 10 ஆம்பியர் வளையத்தில் 6 ஆம்பியர் பாட்டில் இறங்கும், 16 இறங்காது. குறைத்துப் போட உனக்கு உரிமை உண்டு, கூட்டிப் போட இல்லை. அந்த வளையத்தை மாற்றத் தனிச் சாவி வேண்டும், அது மின்பணியாளரிடம் இருக்கும். எல்லோரும் மரையைப் பார்த்து வியக்கிறார்கள். மூளை இருப்பது அந்த வளையத்தில். இந்த மின்வழி எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கம்பி இழுத்தவர் ஒருமுறை முடிவு செய்ததைப் பிறகு யாரும் மறந்துவிடாமல் பீங்கானிலேயே எழுதி வைத்த ஏற்பாடு அது. பாட்டிலின் தலையில் வண்ணப் பொட்டு ஒன்று இருக்கும். உள்ளே உருகுகம்பியோடு இன்னொரு மெல்லிய இழை அந்தப் பொட்டைச் சிறு சுருள்வில்லுக்கு எதிராக இழுத்துப் பிடித்திருக்கும். பியூஸ் போனால் இழையும் அறுபடும், பொட்டு விழும். மூடியின் கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தாலே எது போனது என்று தெரிந்துவிடும்.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாதது அந்தப் பொட்டின் வண்ணம்தான். 6 ஆம்பியருக்குப் பச்சை, 10-க்குச் சிவப்பு, 16-க்குச் சாம்பல், 20-க்கு நீலம், 25-க்கு மஞ்சள், 35-க்குக் கறுப்பு, 50-க்கு வெள்ளை. வானவில் வரிசையும் இல்லை, வெப்ப வரிசையும் இல்லை. யார் தேர்ந்தது இதை? ஜெர்மன் மின்பணியாளர்கள் வழிவழியாகச் சொல்லும் விடை: அக்காலத்துத் தபால்தலை. ஜெர்மன் பேரரசின் தபால்தலைகளில் 5 ஃபென்னிக் பச்சை, 10 சிவப்பு, 20 நீலம். பத்து என்றால் சிவப்பு, இருபது என்றால் நீலம் என்று ஊரே மனப்பாடமாக வைத்திருந்ததைப் பியூஸுக்கு எடுத்துக்கொண்டார்களாம். கதைதானே என்று தள்ளிவிடலாம். ஆனால் அந்தத் தபால்தலை வண்ணங்கள் ஜெர்மனிக்கு மட்டும் உரியவை அல்ல. வெளிநாட்டுக்குப் போகும் அச்சுத்தாளுக்குப் பச்சை, அஞ்சலட்டைக்குச் சிவப்பு, கடிதத்துக்கு நீலம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்தது. பிரிட்டிஷ் இந்தியாவும் 1900-ஐ ஒட்டி அதற்கேற்ப நிறம் மாற்றிக்கொண்டது. எட்வர்ட் மன்னர் தலை போட்ட அரையணா பச்சை, ஓரணா சிவப்பு, வெளிநாட்டுக் கடிதத்துக்கான இரண்டரையணா நீலம். அதாவது பைக்காரா மின்சாரம் வருவதற்கு முப்பது ஆண்டு முன்பே, கோவை தபாலாபீசில் வரிசையில் நின்றவர்கள் கையில் அந்தப் பச்சையும் சிவப்பும் நீலமும் புழங்கியிருக்கின்றன. பின்னாளில் அதே மூன்று நிறங்கள் ஆலையின் மின்பலகைக்குள் ஆம்பியராக வந்து உட்கார்ந்தன. இரண்டும் ஒரே குடும்பம் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

தபால் இத்தோடு விடவில்லை. எந்தத் தடிப்புக் கம்பி எத்தனை ஆம்பியரில் உருகும் என்பதற்கு 1880களில் விதி கண்டவர் வில்லியம் ப்ரீஸ். அவர் வேலை பார்த்தது பிரிட்டிஷ் அஞ்சல் துறையில், தந்திப் பொறியாளராக. விதி எளியது. மின்னோட்டத்தின் வெப்பம் கம்பியின் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது, குளிர்ச்சியோ வெளிப்புறத்தைப் பொறுத்தது. இரண்டையும் சமன் செய்தால், உருக்கும் மின்னோட்டம் விட்டத்தின் ஒன்றரை அடுக்காக ஏறும். செம்புக்கு, விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து ஒன்றரை அடுக்காக்கி 80-ஆல் பெருக்கினால் போதும். அரை மில்லிமீட்டர் கம்பிக்கு விடை ஏறத்தாழ 28 ஆம்பியர். பியூஸ் கட்டைக்கான அட்டவணையில் அதே அரை மில்லிமீட்டர் கம்பியை 15 ஆம்பியர் கம்பி என்று போட்டிருப்பார்கள். 15 என்று பெயர், 28-இல்தான் உருகும். மோட்டார் ரூமுக்கு இப்போது வருவோம். 5 எச்.பி. மோட்டார் ஓடும்போது இழுப்பது ஏழெட்டு ஆம்பியர். நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும் அந்தச் சில நொடிகளில் அதைப்போல் ஆறு மடங்கு, நாற்பதுக்கும் மேல். மின்பாதையின் கடைக்கோடியில் வோல்டேஜ் தாழ்ந்த தோட்டத்தில் அந்தச் சில நொடிகள் இன்னும் நீளும். 15 ஆம்பியர் கம்பி அங்கே தாங்காது. தண்ணீர் கட்ட மடை திறந்து வைத்துவிட்டு மூன்றாவது முறை கம்பி போகும்போது, விவசாயி அதைத் தடிப்பாக்குகிறார். அவர் கணக்கில் பிழை இல்லை. தடித்த கம்பி கிளம்பும் மின்னோட்டத்தைத் தாங்குவதோடு, பிறகு மோட்டார் சிக்கி இருபது ஆம்பியர் இழுக்கும்போதும் சும்மாவே இருக்கும் என்பதுதான் வினை. ஜெர்மானியர்கள் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள்: கிளம்பும் நேரம் பொறுத்துப் பிறகு உருகும் மந்த வகைப் பாட்டில். அதன்மேல் அடையாளமாக ஒரு நத்தைப் படம் போட்டிருக்கும்.

இங்கே காசுக் கட்சிக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். நத்தையும் வளையமும் வாங்க விவசாயிக்கு ஏது வழி என்பார்கள். பாறையை வெடி வைத்துப் பிளந்து கிணறு ஆழப்படுத்தியவர், மோட்டாரும் பம்ப்பும் குழாயும் வாங்கியவர், கடைசியில் மூன்று பியூஸ் விலையில் பின்வாங்கினார் என்பதை நம்ப முடியவில்லை. செய்யத் தெரியவில்லை என்ற வாதமும் நிற்காது. ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937-லேயே மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. மோட்டாரை வார்த்து, கடைந்து, காயில் சுற்றத் தெரிந்த ஊருக்கு ஒரு பித்தளை மரை பெரிய வித்தை இல்லை. இங்கிலாந்தைப் பார்த்தால் காசு வாதம் இன்னும் தளர்கிறது. நம்மைவிடப் பல மடங்கு பணமுள்ள அந்த வீடுகளிலும் கம்பி கட்டும் கட்டைதான் இருந்தது. அதற்கென்று பிரிட்டிஷ் தரநிர்ணயம் 1958-இல்கூட வெளிவந்தது. விளக்கிலும் அவர்கள் எடிசன் மரையை விட்டு, அழுத்தித் திருப்பும் இரட்டைக் கொக்கி ஹோல்டரை எடுத்தார்கள். நாமும் அதையே எடுத்தோம். கட்டை நமக்கு வந்தது வறுமையால் அல்ல, வாரிசு முறையில்.

வந்தது ஏன் நிலைத்தது என்பதற்கு வேறு விடை வேண்டும். இரு தரப்புக்கும் அது வசதியாக இருந்தது என்பேன். மின்சாரம் வழங்குபவர், நுகர்வோர் இடத்துக்குள்ளேயே, கைக்கெட்டும் இடத்தில், தீப்பிடிக்காத உறைக்குள் தன் கட்-அவுட்டை வைக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் சொல்லின. பியூஸ் இருப்பது உன் சுவரில், சொந்தமோ வாரியத்துக்கு. கட்டணம் பாக்கி என்றால் லைன்மேன் கம்பத்தில் ஏற வேண்டாம். கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனால் போதும். பாட்டில் பியூஸைக் கழற்றிக்கொண்டு போனால் கடையில் வேறு வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். அந்தக் கட்டையை எடுத்துப் போவதில் ஓர் அதிகாரம் இருந்தது. மின்கட்டணத்துக்காகத் தெருவுக்கு வந்த ஊர் இது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972-இல் கோவை வீதிகளை மாட்டு வண்டிகள் அடைத்து நின்றன. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமான பிறகுதான் தோட்டத்து மோட்டார் ரூமில் அந்தக் கட்டை மேல் இருந்த பயம் போனது. வாரியத்துக்குப் பிடுங்க வசதி, விவசாயிக்குக் கம்பி கட்ட வசதி. கையை நம்பும் பொருளை இருவருமே விடவில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது, அதை நான் முழுக்க மறுக்கவும் இல்லை. மூன்று பேஸ் மோட்டாருக்கு எந்தப் பியூஸாக இருந்தால் என்ன, மூன்றும் தனித்தனியாக நிற்பதே தப்பு என்பார்கள் காயில் கட்டுபவர்கள். உண்மை. ஒன்று மட்டும் போனால் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்காது. மிச்சம் இரண்டு பேஸில் ஒன்றேமுக்கால் மடங்குவரை இழுத்துக்கொண்டு உறுமி, காயிலைப் புகைய வைத்துவிடும். அந்த வகையில் ஜெர்மன் பாட்டிலும் தோட்டத்துக் கட்டையும் ஒன்றுதான். பியூஸின் வேலை கம்பியைக் காப்பது. மோட்டாரைக் காப்பது ஸ்டார்ட்டரின் ஓவர்லோடு ரிலேயும் சிங்கிள் பேஸிங் பிரிவென்டரும். இரண்டு பேஸ் நேரத்திலும் கன்டன்சர் போட்டு ஓட்டும் தோட்டங்களில் அந்த ரிலேயின் கதி என்ன என்பது வேறு அத்தியாயம். ஆனால் இந்த மறுப்பு பியூஸின் எல்லையைத்தான் காட்டுகிறது, வளையத்தின் தேவையை அழிக்கவில்லை. தடித்த கம்பி கட்டிய கட்டை, மோட்டாரைக் காப்பதில்லை என்பது ஒருபுறம். சுவருக்குள் போகும் ஒயரையும் காப்பதில்லை என்பது மறுபுறம். இப்போதுதான் எம்.சி.பி. வந்துவிட்டதே என்பவர்களுக்கும் ஒன்று சொல்லலாம்: 16-ஐக் கழற்றி அதே பட்டையில் 32-ஐ மாட்ட எந்த வளையமும் தடுப்பதில்லை.

களிமண் வரவே இல்லை, தெரிகிறது. பாட்டிலுக்குள் கம்பியைச் சுற்றி நிரப்பும் குவார்ட்ஸ் மணல், உருகும்போது எழும் தீப்பொறியை எப்படி விழுங்கிக் கண்ணாடியாக உறைகிறது என்பதும், அகல் விளக்கும் பொம்மையும் சுடும் விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளில் நம் ஊர்ப் பியூஸ் கட்டை எப்படிப் பிறக்கிறது என்பதும் அடுத்த வாரம். தபால்தலை மறுபடி குறுக்கே வராமல் இருந்தால்.