நாகரத்தினம்மாளும் பெண்கள் கட்சியும்

பாடசாலைத் தமிழ்த் தினப் போட்டிகளிற் குழுவிசை பாட வரும் மாணவியரை ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ இன்று எவரும் வியந்து நோக்குவதில்லை. ஆயின் பெண்கள் ஒருங்குகூடிப் பொதுவிடத்திற் பாடும் உரிமை கருநாடக இசையுலகில் தானாக வந்ததன்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் முன்னர் திருவையாற்றில் அதன்பொருட்டுத் தனிக் குழு ஒன்றை அமைத்து நடத்தியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அவர் அதனைச் சாதித்த வழி ஆராயத்தக்கது.

1878ஆம் ஆண்டில் மைசூர்ப் பகுதியிலுள்ள நஞ்சன்கூட்டிலே தேவதாசி மரபிற் பிறந்த இவ்வம்மையார், வயலின் வித்துவான் முனுசாமப்பாவிடம் இசை பயின்றார். வாலாஜாபேட்டைச் சீடர் வழியாகத் தியாகராசரைச் சென்றடையும் பரம்பரை அது. பின்னர் சென்னையிற் குடியேறிப் பெரும் புகழும் பொருளும் ஈட்டினார். வடமொழி, தெலுங்கு முதலியவற்றிலும் வல்லவர். பதினெட்டாம் நூற்றாண்டிலே தஞ்சை அரசவையில் வாழ்ந்த கணிகைக் கவிஞர் முத்துப்பழனியின் ‘ராதிகா சாந்த்வனம்’ என்னும் தெலுங்குக் காவியத்தை 1910இற் பதிப்பித்தார். ஆபாசம் எனக் கூறி அரசு அதனைத் தடைசெய்தது. தடை நீங்கியது 1947இலேதான்.

1847இல் மறைந்த தியாகராசரின் சமாதி பாழ்பட்டுக் கிடப்பதாக அறிந்த அம்மையார், சூழவுள்ள நிலத்தைப் பெற்று, தம் சேமிப்பையும் நகைகளையும் செலவிட்டுக் கோயில் எழுப்பினார். 1921இல் தொடங்கிய பணி 1926 சனவரி 7இற் கும்பாபிஷேகத்தோடு நிறைவுற்றது. அக்காலை ஆராதனையைப் ‘பெரிய கட்சி’, ‘சின்ன கட்சி’ என இரு பிரிவினர் தனித்தனியே நடத்தி வந்தனர். தம்முட் பகைத்திருந்த இவ்விரு சாராரும் ஒன்றில் மட்டும் உடன்பட்டனர்: பெண்கள் அங்கு பாடலாகாது! கோயிலைக் கட்டியவருக்கே இத்தடை இருந்தது. எனவே 1927இல் அவர் ‘பெண்கள் கட்சி’யைத் தோற்றுவித்து, சமாதியின் பின்புறத்தே பெண்களைக் கொண்டே ஆராதனை நிகழ்த்தலானார்.

இங்கு ஒரு முரண் நோக்கற்பாலது. மேடையேறும் பெண்டிர் பெரும்பாலும் தேவதாசி மரபினராதலின் அவர்களை விலக்குவதற்கு ஒழுக்கம் காரணமாகக் காட்டப்பட்டது. ஆயின் அக்காலத்து ஏனைப் பெண்களுக்கு அரிதாயிருந்த, தம் பெயரிற் சொத்துடைமை கொள்ளும் உரிமையை அம்மரபே அவர்களுக்கு அளித்திருந்தது. எந்த மரபு காரணமாக அம்மையார் ஒதுக்கப்பட்டாரோ, அம்மரபு தந்த உடைமையே அவ்வொதுக்கலை எதிர்க்கும் பலமாயிற்று. நிலமும் கட்டடமும் அவருடையனவாயின், அங்கிருந்து அவரை அகற்றுவார் யார்?

முத்துலட்சுமி ரெட்டியின் தேவதாசி ஒழிப்பு முயற்சியை அவர் எதிர்த்தமையையும் இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும். அவர் கொண்ட நிலைப்பாடு இன்று ஏற்புடையதன்று. ஒழிப்பின் தேவை பெரிது. எனினும் சீர்திருத்தத்தால் தம் குலத்துப் பெண்கள் உடைமையையும் கலையையும் ஒருங்கே இழப்பர் என்ற அவரது அச்சம் வீண் அச்சமன்று. கருநாடக இசைமேடையில் அவர்களது இடம் பின்னர் பெரிதும் பிறரிடம் சென்றது.

1940ஆம் ஆண்டளவில் மூன்று கட்சிகளும் ஒன்றாயின. பெண்களும் ஆராதனையில் இடம் பெற்றனர். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய இராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனங்களை அனைவரும் சேர்ந்து பாடும் கோஷ்டிகானமும் இவ்விணைப்பையொட்டியே நிலைபெற்றது. 1952 மே 19இல் மறைந்த அம்மையாரின் சமாதி, தியாகராசர் சந்நிதியை எதிர்நோக்கி அமைந்துள்ளது.