தெருவைப் பார்த்த பலகைகள்

கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் பழைய ஓட்டு வீடுகள் அருகிவிட்டன. பிரதான வீதிக்கு மேற்கே, வயல் பக்கமாகப் போகும் ஒழுங்கைகளில் எங்காவது ஒன்று மிஞ்சி நிற்கும். விறாந்தைக் கூரை விளிம்பில் பல்லுப் பல்லாக வெட்டிய பலகை தொங்கும். முன்கதவு நிலைக்கு மேலே கொடியும் இலையுமாகக் குடைந்த இன்னொரு பலகை இருக்கும். வருசா வருசம் பெருநாளைக்கு அடித்த பெயின்ட் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, இலையின் கூர்நுனி மழுங்கி, பூவா நட்சத்திரமா என்று சொல்ல முடியாதபடி தடித்துப் போயிருக்கும். இதுதான் பிரெட் வேலை. மயிர்போல் மெல்லிய பல்லுள்ள வாளால், பலகைக்குள்ளே துளையிட்டுச் சுற்றிச் சுற்றி அறுத்தெடுக்கும் வேலை.

அன்று அது வீட்டோடு பிறந்த வேலை. இந்தக் கிழக்கிலங்கைக் கரையில் கலியாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகிறான்; மகளுக்கு வீடு வளவு கொடுப்பது வாப்பாவின் கடமை. 1969 முதல் அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்தத் தாய்வழி முறையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். சீதன வீட்டின் முகப்பைத்தான் ஊர் முதலில் பார்க்கும். அடுப்படிச் சுவரிலும் அறைக் கதவிலும் செலவைச் சுருக்கச் சொல்லும் வாப்பாகூட முகப்புப் பலகையில் மரவேலை செய்யும் ஓடாவியாரோடு பேரம் பேசத் தயங்கியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

அழகுக்கு மட்டுமாகவும் அது இருக்கவில்லை. கச்சான் வெயிலில் கதவைச் சாத்தியபடி வீட்டுக்குள் இருக்க வேண்டுமானால் காற்றுக்கு ஒரு வழி வேண்டும். நிலைக்கு மேலே குடைந்த பலகை அந்த வழி. உள்ளறைத் தடுப்பின் மேற்பாதியும் பல வீடுகளில் இப்படியே இருந்தது. காற்றோடு பேச்சும் கடந்து போகும். மாப்பிள்ளை வீட்டார் முன்னறையில் மெதுவாகப் பேசிக்கொண்டதையெல்லாம் உம்மாமார் குசினியிலிருந்தே கேட்டிருப்பார்கள்.

ஓடாவியார் கையிலிருந்த இதே வாள் பொடியன்களின் கைக்குப் பள்ளிக்கூடத்தின் வழியாக வந்தது. இங்கிலாந்தின் டீரம் நகரத்தில் 1895இல் தொடங்கிய ‘ஹொபீஸ்’ வார இதழ், வெட்டும் வடிவத் தாள்களை இணைப்பாகக் கொடுத்து, பிரெட் வாளை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. அந்த மோகத்தின் கடைசி அலை நமது கைப்பணிப் பாடங்களிலும் வந்து தட்டியது. 1972 கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைக் கட்டாயமாக்கியது. 1977இல் ஆட்சி மாறியபின் அவை கைவிடப்பட்டன. ஆயினும் அந்த ஐந்தாறு வருடத்தில் படித்த ஒரு தலைமுறைக்கு வாள் பிடிக்கத் தெரியும்.

பலகைக்கும் அன்று பஞ்சமில்லை. ஏற்றுமதித் தேயிலை ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் போன காலம் அது. ஜிந்தோட்டைத் தொழிற்சாலை அந்தப் பெட்டிகளுக்காகவே ஒட்டுப்பலகை செய்தது. கடைகளில் கழித்துப் போடும் பெட்டியின் தகர விளிம்பைக் குறடால் இழுத்து, சின்ன ஆணிகளைப் பிடுங்கி, உள்ளே ஒட்டியிருக்கும் ஈயத்தாளை உரித்தால் ஆறு பலகை. அதில் காபன் தாள் வைத்துப் படியெடுக்க வேண்டும்.

வெட்டும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். மேசை ஓரத்தில் வாயைப் பிளந்த குருவிச் சொண்டுபோல V வடிவில் வெட்டிய ஒரு தாங்குபலகை. துளையிட்டதும் வாளின் மேல் திருகைத் தளர்த்தி, ஐந்து அங்குல பிளேட்டைத் துளைக்குள் கோத்து, பிடியை நெஞ்சோடு அழுத்தி வில்லைச் சற்று வளைத்துக்கொண்டு திருகை மறுபடி முறுக்க வேண்டும். நெஞ்சை எடுத்ததும் வில் விரிந்து பிளேட் விறைக்கும். விரலால் சுண்டினால் சத்தம் கேட்க வேண்டும். பல் கீழ்நோக்கி இருக்கும். வாள் நின்ற இடத்தில் ஏறி இறங்கும், திரும்புவது பலகைதான். மூலையில் அவசரப்பட்டால் ‘டிக்’ என்று பிளேட் போய்விடும். ஒவ்வொரு துவாரத்துக்கும் இவ்வளவும் திரும்ப நடக்க வேண்டும்.

பிறகு பலகை தெருவை விட்டு விலகத் தொடங்கியது. அதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. 1977க்குப் பிறகு திறந்த சந்தையும் மத்தியகிழக்குச் சம்பளமும் வந்தன. ஓட்டுக் கூரைக்குப் பதில் சிலாப் போட்ட வீடுகள் எழுந்தன. கொங்கிறீற் விளிம்பில் மரப்பலகை தொங்கவிட இடமில்லை. தேயிலைப் பெட்டிக்குப் பதில் கடதாசிச் சாக்கு வந்தது. யுத்த காலத்தில் முதிரையும் தேக்கும் வரும் காட்டுப் பாதைகள் சுருங்கின. இவையெல்லாம் மெல்ல மெல்ல நடந்தவை. 2004 டிசம்பர் 26 சுனாமி மெல்ல வரவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மௌத்தாகினர்; மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரைகளில் வீட்டு வரிசைகளே இல்லாமல் போயின. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்தார்கள், பிறகு தளர்த்தினார்கள். தொண்டு நிறுவனங்களும் அரசும் கட்டிக் கொடுத்த வீடுகளுக்கு வரைபடம் ஒன்றுதான். சுவர், கூரை, யன்னல், கதவு. அவசரத்தில் அது சரிதான். கூடாரத்தில் கிடந்த சனத்துக்குப் பூவெட்டுப் பலகை பற்றிப் பேசுவது அநியாயம். ஆனால் முகப்பு என்ற எண்ணமே அந்த வரைபடங்களோடு முடிந்துபோனது.

இன்று வெட்டுவேலை குறைந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. அன்றைக்குக் கற்பனை செய்ய முடியாத அளவுக்குப் பெருகியிருக்கிறது. கலியாண வீட்டு மேடைக்கு மணமக்கள் பெயர், புதுவீட்டுக்கு ‘மாஷா அல்லாஹ்’, ஆசிரியர் தினத்துக்கு நினைவுச் சின்னம் என்று எம்.டி.எஃப் பலகையிலும் அக்ரிலிக்கிலும் வாங்கிவிடலாம். வட்ஸ்அப்பில் பெயரை அனுப்பினால் போதும். கையால் ஒருவர் ஒரு கிழமை குந்தியிருந்து வெட்டியதை லேசர் சில நிமிடத்தில் முடிக்கிறது. விளிம்பு மட்டும் கறுத்திருக்கும். மர வாசனைக்குப் பதில் தீய்ந்த வாசனை.

இவ்விரண்டுக்கும் நடுவே பொழுதுபோக்காகச் செய்பவரின் மேசையில், மோட்டாரால் ஓடும் ஸ்க்ரோல் சோ நிற்கிறது. கைவாளின் வில்லுக்குள் பன்னிரண்டு அங்குலப் பலகை நுழையும். சாதாரண ஸ்க்ரோல் சோவில் பதினாறு. கை நொடிக்கு ஒருதரமோ இருதரமோ ஏறி இறங்கும். மெஷின் நிமிடத்துக்கு 400இலிருந்து 1600 வரை. தூளை ஊதக் குழாய் உண்டு. இரண்டு கையும் பலகையைப் பிடித்துத் திருப்ப மிஞ்சுகின்றன, இதுதான் பெரிய லாபம். பிளேட் மட்டும் அதே ஐந்து அங்குலம். கோட்டின்மேல் போவதா கோட்டைத் தாண்டுவதா என்பது இன்றும் விரலின் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் இதை லேசரோடு சேர்க்க எனக்கு மனம் வருவதில்லை.

நம் பக்கத்தில் இதைத் தொடங்குபவர் பெரும்பாலும் அரபெழுத்தில்தான் தொடங்குகிறார். கலிமாவின் எழுத்துகளில் ஒரு நுக்தாப் புள்ளிகூடக் கிடையாது, ஆகவே அது தொடக்கக்காரருக்கு இரக்கம் காட்டும். முழு பிஸ்மில்லாஹ்வுக்கு வந்தால் நான்கு நுக்தா: பேக்கு ஒன்று, நூனுக்கு ஒன்று, யேக்கு இரண்டு. எழுத்தை வெட்டிப் பின்பலகையில் ஒட்டுவதானால் அந்த நான்கும் நகத்தளவுத் தனித்துண்டுகள். அறுந்த நொடியில் மேசைத் துவாரத்துக்குள் விழும், தூளுக்குள் தேட வேண்டும். எழுத்தைப் பலகையிலிருந்து குடைந்தெடுப்பதானால் மீமின் வயிறும் வாவின் தலையும் கழன்று விழுந்துவிடும். அவற்றைப் பிடித்து நிறுத்த மெல்லிய பாலங்கள் விட வேண்டும். பாலத்தை எங்கே விட்டால் எழுத்து கெடாது என்று முடிவெடுப்பதில்தான் வேலைக்காரன் தெரிவான். லேசருக்கும் அந்தப் பாலம் வேண்டும். அங்கே அதை மென்பொருளில் கீறுகிறார்கள், பிழைத்தால் அழித்துவிட்டு மறுபடி கீறுகிறார்கள். 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பவியல் துறை வந்தபின் கணினியில் கீறத் தெரிந்த பிள்ளைகள் ஊரில் பலர். அவர்கள் கீறும் வளைவு ஓடாவியாரின் வளைவைவிடத் துல்லியமானது. பிழையை அழிக்கலாம் என்ற நிம்மதியும் சின்ன விசயமில்லை. நாலு மணித்தியாலம் வெட்டிய பலகையில் கடைசி இலை ஒடிந்தால் அழத் தோன்றும்.

2022 மார்ச் இறுதியில் ஒருநாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது மெஷின்களெல்லாம் சும்மா இருந்தன. டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியதில் இறக்குமதிப் பிளேட்டின் விலையும் ஏறியது. ஒடிந்துவிட்டால் போகட்டும் என்று அறுத்தவர்கள் பிளேட்டை எண்ணி வைத்து அறுக்கத் தொடங்கினார்கள். கைவாள்காரருக்கு இந்தச் சிக்கனம் பழைய பழக்கம்.

மாறியதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது கருவி அல்ல, பலகை தொங்கும் இடம். அன்று அது வெளியே நின்றது. மழையில் நனைந்தது, காற்றை உள்ளே விட்டது, தெருவால் போகிற எவரும் காசு கொடுக்காமல் பார்த்தார்கள். இன்று அது சோபாவுக்கு எதிரே, சீலிங் அடித்து ஏ.சி. பூட்டிய அறைக்குள், ஒழுங்காகப் பூசிய சுவரில் இருக்கிறது. மழையும் வெயிலும் தொடாது. விருந்தாளி மட்டும் பார்ப்பார். முன்பு வீட்டின் முகப்புக்கு என்றிருந்தது, இப்போது அறைக்கு ஒன்று.

மிஞ்சிய ஓட்டு வீட்டுக்காரர் சிலர் இப்போது பழுதுபார்க்கிறார்கள். உக்கிப்போன துண்டைக் கழற்றிக்கொண்டு வெட்டுக்கடைக்குப் போனால், படமெடுத்துக் கோடாக்கி வெட்டித் தருவார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. ஓடாவியார் வெட்டிய பலகையில் வலப்பக்க இலையும் இடப்பக்க இலையும் ஒன்றுபோல இருக்காது. ஒன்று சற்றுச் சரிந்திருக்கும், மற்றதில் காம்பு தடித்திருக்கும். கணினியில் ஒரு பாதியைத்தான் எடுத்துக் கண்ணாடியில் காட்டுவதுபோல மறுபாதியாக்குவார்கள். “எந்தப் பக்கத்த எடுக்கிற காக்கா?” என்று கடைப் பொடியன் கேட்பான். இடதை எடுத்தாலும் வலதை எடுத்தாலும் மீதிப் பலகைகளோடு புதுத்துண்டு சேராது; இரண்டையும் தனித்தனியாகக் கீறச் சொன்னால் கூலி இரட்டிப்பு.