உப்புக் காற்றில் மெயின் போர்டு

தூத்துக்குடி கடைத்தெருக்களில் ஒரு பழைய கட்டடத்தின் வயதைத் தெரிந்துகொள்ள முகப்பைப் பார்த்தால் போதாது. படிக்கட்டுக்கு அடியில் குனிந்து மெயின் போர்டைப் பார்க்க வேண்டும். இரும்புப் பெட்டி, பீங்கான் ஃபியூஸ் கட்டைகள், துருவில் இறுகிப்போன கைப்பிடி, பக்கத்தில் பிறகு வந்தவர்கள் திருகி வைத்த, பளு மிஞ்சினால் தானாக விழும் எம்சிபி சுவிட்சுகள். கீழே துணிக்கடை, மேலே பல் மருத்துவமனை, அதற்கும் மேலே டியூஷன் சென்டர் என்று கட்டடம் வளர்ந்திருக்கும். மின்விசிறிக்கும் டியூப்லைட்டுக்கும் போட்ட வயரிங் இப்போது ஏசியையும் லிஃப்டையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருக்கும்.

மின்சாரத்துக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. இந்த வட்டாரத்தில் 1944-லேயே பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1979-ல் தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் முதல் அலகு வந்தது. பிறகு அங்கே தலா 210 மெகாவாட்டில் ஐந்து அலகுகள் அமைந்தன. ஊர் இவ்வளவு மின்சாரம் தயாரித்தாலும், கடைக்குள் அதை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி மட்டும் பல இடங்களில் தாத்தா காலத்திலேயே நின்றுவிட்டது.

முதல் சிக்கல் சூடு. ஒரு கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் அதில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். 60 கிலோவாட் பளு உள்ள கட்டடம் மூன்று ஃபேஸில் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 93 ஆம்பியர் இழுக்கும். அதன் கேபிளும் சுவிட்சும் 45 ஆம்பியருக்கு வாங்கியவை என்றால் உடனே எதுவும் வெடித்துவிடாது. கேபிளின் உறை மெல்ல விறைத்து நொறுங்கும், கேபிள் முனையைப் பிடிக்கும் லக் தளரும், மாலையில் எல்லா ஏசியும் ஓடும்போது லேசாகக் கருகல் வாடை வரும். அடிக்கடி ஃபியூஸ் போகிறதே என்று கொஞ்சம் தடித்த கம்பியாகக் கட்டிவிடுவதும் உண்டு. அது, குரைக்கிறதே என்று காவல் நாயின் வாயைக் கட்டுகிற வேலை.

கேபிள் தீ எங்கேயும் வரும். 2025 மார்ச்சில் தூத்துக்குடி அனல் மின் நிலையத்திலேயே கேபிள்கள் செல்லும் பகுதியில் பிடித்த தீ, அலகுகளை நிறுத்தும் அளவுக்குப் போனது.

கடைக்காரர்கள் அதிகம் கேள்விப்படாத இரண்டாவது சிக்கல் ஒன்று உண்டு. தெருவில் கடைகள் பெருகினால் மின்வாரியம் 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு 500 கேவிஏ வைக்கும். லோ வோல்டேஜ் போய்விட்டது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மருக்கு அருகில் ஷார்ட் சர்க்யூட் ஆனால் 14, 15 ஆயிரம் ஆம்பியர் வரை ஒரு கணத்தில் பாயக்கூடும். கடைகளில் பரவலாக இருக்கும் எம்சிபிகள் 10 ஆயிரம் ஆம்பியரைத் துண்டிக்கும் திறன் கொண்டவை. எம்சிபியின் முகத்தில் சிறு கட்டத்துக்குள் 10000 என்று அச்சிட்டிருப்பது அதைத்தான். அந்த வரம்புக்கு மேல் போனால் அது துண்டிக்காமல் சிதறிவிடலாம். கட்டடத்துக்குள் ஓர் ஆணிகூட மாறவில்லை. ஆனாலும் அதன் மெயின் போர்டு பழசாகிவிட்டது. அதனால்தான் மெயினில் அதிகத் துண்டிப்புத் திறனுள்ள பெரிய பிரேக்கரான எம்சிசிபி போடச் சொல்கிறார்கள்.

மூன்றாவது, கடற்கரைக்கே உரிய உப்பு. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிகம் உப்பு விளைவது இந்தப் பகுதியில்தான். உப்பளத்துத் தூளும் கடல் காற்றும் மின்பெட்டிக்குள் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். மழையே இல்லாத இரவில்கூட, பெட்டிக்குள் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் உலோகப் பட்டையான பஸ்பாரைத் தாங்கும் இன்சுலேட்டர் மீது மின்சாரம் கடத்தும் ஒரு மெல்லிய படலம் உருவாவது இப்படித்தான். அதன் வழியே துளித்துளியாகக் கசியும் மின்சாரம் கருங்கோடு கிழித்து, ஒரு நாள் பொறியாகும்.

கடல் காற்று உலோகத்தை அரிப்பது சின்ன விஷயமல்ல. காரைக்குடியில் 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், இதை ஆராயவே மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் மையங்கள் வைத்தது. போர்டை மாற்றுகிறவர்கள் இங்கே கவனிக்க வேண்டியவை சில: வெள்ளீயம் பூசிய செம்பு பஸ்பார், அலுமினியக் கேபிளைச் செம்போடு சேர்க்கும் இடத்தில் இரு உலோக லக், நன்றாக மூடும் பெட்டி. பெட்டியில் ஐபி 55 என்று இருந்தால், முதல் 5 தூசிக்கு, இரண்டாவது 5 தண்ணீருக்கு. எர்த்திங்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உப்பு மண்ணில் எர்த் அளவு நன்றாகவே வரும். ஆனால் அதே உப்பு, எர்த்துக்காகப் புதைத்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். ஒருமுறை பார்த்து நன்றாக இருந்தது என்று விட்டுவிட முடியாது, ஆண்டுதோறும் அளக்க வேண்டும்.

கடைசியாகத் தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. தூத்துக்குடி நகரத் தெருக்களில் நாள்கணக்கில் வெள்ளம் நின்றது. தண்ணீரில் முங்கிய எம்சிபி, மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஆர்சிசிபி, எம்சிசிபி எதையும் காயவைத்துத் திரும்பப் போடக் கூடாது. உள்ளே சேறும் உப்பும் தங்கிவிட்டால், தேவைப்படும் நேரத்தில் அவை விழாது. போர்டை உயர்த்துவது மட்டும் போதாது என்பதற்கு நியூயார்க் சாட்சி. 2012 அக்டோபரில் சாண்டி புயல் அடித்தபோது பெல்வியூ மருத்துவமனையின் ஜெனரேட்டர்கள் 13-ஆவது மாடியில் பத்திரமாகத்தான் இருந்தன. அவற்றுக்கு டீசல் ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் மூழ்கின. ஊழியர்களும் படைவீரர்களும் படிக்கட்டில் வரிசையாக நின்று கைமாற்றி எரிபொருளை மேலே ஏற்றினார்கள்.

போர்டை மாற்றும் வேலை தொடங்குவது காகிதத்தில்தான். ஒப்புக்கொண்ட மின்பளுவைக் கூட்ட தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். பளு ஒரு வரம்பைத் தாண்டினால் உயரழுத்த இணைப்புதான். அப்போது டிரான்ஸ்ஃபார்மருக்கான இடமும் செலவும் கட்டடக்காரருடையது. மின் ஆய்வுத் துறை பார்த்துச் சான்று தந்த பிறகே மின்சாரம் ஏற்றலாம். மாற்றும் நாளில் கட்டடம் முழுக்கக் கரண்ட் இருக்காது என்பதால், வாடகைக்கு இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறிப்பது நல்லது.

மதிப்பீட்டைக் கொண்டுவரும் ஒப்பந்ததாரரிடம் விலையைக் கேட்கும் முன் கட்டட உரிமையாளர் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். உங்களிடம் மின் உரிமம் இருக்கிறதா? மெயின் பிரேக்கர் எத்தனை ஆயிரம் ஆம்பியரைத் துண்டிக்கும்? பெட்டியின் ஐபி எண் என்ன? 2023 வெள்ளம் நின்ற மட்டத்துக்கு மேலே போர்டு எவ்வளவு உயரத்தில் இருக்கும்? நான்குக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.